நிப்பாட்டி வைக்கிற கரவனில பற்றறி, காஸ் அலாம்: ஆலோசனை தேவை

மாரி முடியுமட்டும் கரவன் றெயிலர் (வாகனத்தில கட்டி இழுக்கிற வீட்டு வண்டி) ஒண்டு கோண்டாவிலில கொட்டிலுக்குள்ள நிக்கப்போகுது. பற்றறி 12 வோல்ற், 100 அம்பியர்-அவர், ஈய அமிலம். மெயின் சுவிச்சை நிப்பாட்டினாலும் காஸ் அலாம் (சமையல் காஸ் கசிஞ்சால் அடிக்கிறது) நேரடி வயரில 80 மில்லி அம்பியர் இழுக்குது. நாளுக்கு 2 அம்பியர்-அவர் கிட்ட. மாதத்துக்குள்ள பாதி காலி. அப்பிடியே விட்டால் தகட்டில சல்பேற் படிஞ்சு பற்றறி போயிடும்.

சிலிண்டரைப் பூட்டிக் கழற்றி வெளியில வைச்சிட்டு அலாமின்ர ஃபியூஸை எடுக்கலாம். திரும்பப் போட மறக்கிறதுதான் ஆபத்து: காஸ் காத்தைவிடப் பாரம், கசிஞ்சால் தரையோட தேங்கும்.

மற்ற வழி, 13.5 வோல்ற் ஃப்ளோட் சார்ஜர் (நிரம்பின பற்றறியை மெல்ல ஏத்தி அப்பிடியே நிரம்பி வைச்சிருக்கிறது). மலிவுச் சார்ஜர் அளவுக்கு மிஞ்சி ஏத்தினால் பற்றறியில ஐதரசன் கிளம்பி, காஸ் கசியாமலே அலாம் அடிக்கும்.

கொட்டில் கூரையில 20 வாற் சோலார் மாரி மப்புக்குக் காணுமோ? 12 வோல்ற் அலாம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் கிடைக்குமோ? தெரிஞ்சவை சொல்லுங்கோ.