மறு: கேமரா வசூல் – கொட்டிலைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

சங்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஊரில் பதினைந்து நாள் இருந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பினேன். நடுவில் வந்த மடல்களை இப்போதுதான் ஒருசேரப் படித்தேன். ஆடு களவு போனதால் ஊரில் நான்கு கேமரா வைக்கலாம் என்று வசூல் பேச்சு எழுந்து, கேமரா எத்தனை, யார் எவ்வளவு என்று இவ்வளவு பேச்சு நடந்திருக்கிறது. ஆடு போனது கீழவீட்டு அத்தைக்கு என்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

மொத்தம் ஏழு. எல்லாம் கன்னி இன ஆடு. ஐந்து பெட்டை, இரண்டு கிடா. வியாழன் ராத்திரி போயிருக்கிறது. கொட்டிலில் முளைக்குச்சிகள் அப்படியே நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு சாண் கயிறு கிடக்கிறது. அவிழ்க்கவில்லை, ஒரே வெட்டு. பால்குடி மறக்காத குட்டி இரண்டை மட்டும் விட்டுவிட்டார்கள். அத்தை பசும்பாலைப் புட்டியில் ஊற்றி மடியில் வைத்துக் கொடுக்கிறாள். அதுகள் புட்டியை முட்டி முட்டித் தள்ளுகின்றன. "மடியத் தேடுதுய்யா" என்றாள்.

சனிக்கிழமை விடியுமுன் எட்டயபுரம் சந்தைக்குக் கூட்டிப்போனேன். கன்னி ஆடு என்றால் கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்படித்தான் நிற்கிறது. அத்தை ஒவ்வொன்றாகக் காதைத் தூக்கி அடையாளத்துக்குப் போட்ட நம் வீட்டு வெட்டு இருக்கிறதா என்று பார்த்தாள். வெயில் ஏறும்வரை பார்த்தாள். அவை வேறு சந்தைக்குப் போனதோ, அன்று ராத்திரியே கறியாகிவிட்டதோ.

2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் கிடைத்த 4 ஆட்டிலிருந்து பெருகியவை அவை. பட்டியலில் அத்தை பெயர் வரக்கூடாது என்று அன்றைக்கு யார் நின்றார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். பேத்தியின் காலேஜ் கட்டணத்துக்கு இரண்டு கிடாவையும் ஜூனில் விற்பதாக இருந்தாள்.

மேலத்தெரு பெரியப்பா, "ஊருக்குள்ளேயே பேசி முடிப்போம், ஸ்டேஷன் ஏறினால் ஊர் மானம் போகும்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் காளை காணாமல் போன வருஷம் எனக்கு எட்டு வயசு. மூன்று ராத்திரி ஊரே தேடியது. தீப்பந்தம் பிடித்து முன்னால் நடந்தவர் அத்தையின் வீட்டுக்காரர். ஓடைக்கரையில் காளையைக் கண்டதும் அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த மனுஷன் வீட்டில் களவு போயிருக்கிறது. இதைவிட ஊருக்கு என்ன மானம் போக வேண்டும்?

புகார் கொடுத்தாகிவிட்டது. எல்லாரும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் (பாரதிய நியாய சன்ஹிதா) திருட்டு 303-ஆம் பிரிவு. போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. அத்தை பதற்றத்தில் "ஆடு காணோம்" என்று மட்டும் எழுதிக் கொடுக்க, வழக்குப் பதியாமல், புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுபடி போய், ஏழுக்கும் வயது, நிறம், காது வெட்டு, விலை என்று தனித்தனியாக எழுதிக் கொடுத்த பிறகுதான் எஃப்.ஐ.ஆர். ஆனது. போட்டோ கேட்டார்கள். பொங்கலுக்கு எடுத்த படத்தில் அத்தைக்குப் பின்னால் ஒரு கிடா நிற்கிறது, அதைக் கொடுத்தோம். உங்கள் வீடுகளில் ஆடு மாடு இருந்தால் இன்றைக்கே போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் தம்பிகளுக்கு: பையன்களைப் பைக்கில் துரத்த விடும் யோசனை வேண்டவே வேண்டாம். 2021 நவம்பரில் ஆடு திருடர்களை விரட்டிப் போன திருச்சி நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதனை வெட்டிக் கொன்றார்கள். காக்கிச் சட்டைக்கே அந்தக் கதி என்றால் நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

கனடா மச்சான், கண்மாய்க்குச் சங்கம் செலவழித்த பணத்தின் கணக்கு கேட்டது நியாயம். பொருளாளர் இந்த வாரமே பில்லோடு அனுப்பட்டும். ஆனால் அது வந்தால்தான் இதற்குத் தருவேன் என்று முடிச்சுப் போடாதீர்கள் மச்சான். உங்கள் கல்யாணத்துக்கு அத்தை வீட்டிலிருந்து எத்தனை கிடா வந்தது என்று அக்காவிடம் கேளுங்கள்.

என் யோசனை இவ்வளவுதான். நான்கு கேமரா இப்போது வேண்டாம். ஊர் எல்லையில் ஒன்று போதும். மிச்சப் பணத்தில் கொட்டில் இருக்கிற சந்துகளில் விளக்கு, ஆடு வைத்திருக்கிற தனியாள் வீடுகளுக்கு பூட்டுப் போடுகிற தகரக் கதவு. திருட வருகிற வண்டிகள் உள்ளே நுழைவது இருட்டான சந்து வழியாகத்தான். அத்தை கொட்டிலுக்குக் கதவு நான் போட்டுவிட்டேன், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அப்புறம், பணம் தர முடியாதவர்களும் அத்தைக்கு ஒரு போன் போடுங்கள். எட்டு மணிக்குள் கூப்பிடுங்கள். அதற்குப் பிறகு போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொட்டிலில் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்கிறாள்.