46 புள்ளி முன்னுக்கு நிண்டும்

திங்கள், 28 ஜூலை 2025

ரவி மாமா: நேற்றைய அவுஸ்திரேலியக் காற்பந்து (ஏஎஃப்எல்) மட்சிலை, மூண்டாம் குவாட்டர் முடியேக்கை எங்கடை மெல்பேர்ன் செயின்ட் கில்டாவைவிட 46 புள்ளி முன்னுக்கு. முடிவிலை 6 புள்ளியாலை தோல்வி. கடைசிக் குவாட்டரை மட்டும் பாத்தால் செயின்ட் கில்டா எங்களைவிட 52 புள்ளி கூட. இதுக்கு முதல் ஏஎஃப்எல் வரலாற்றிலையே மூண்டாம் குவாட்டர் முடிவிலை இவ்வளவு பின்னுக்கு நிண்டு ஆரும் வெண்டதில்லை.

கஜன்: வெண்ணெய் திரளேக்கை தாழி உடைஞ்சுது 😤

மாமி: கடைசியிலை புள்ளி சமன். பந்து போட முதலே விசில் ஊதிப்போட்டான். அது என்ன 6-6-6?

சுகி அக்கா: மாமி, சென்ரர் பவுன்ஸ் நேரம், அதாவது நடுவிலை பந்தைப் போட்டு ஆட்டம் தொடங்கேக்கை, ஒவ்வொரு ரீமும் ரெண்டு பக்கக் கோலுக்கும் முன்னாலை இருக்கிற 50 மீற்றர் வளைவுக்குள்ளையும் ஆறாறு பேரை விடவேணும். அதிலை கோல் சதுரத்துக்குள்ளை கட்டாயம் ஒராள். மிச்ச ஆறு பேரிலை நாலு பேர் நடுச் சதுரத்துக்குள்ளை, ரெண்டு பேர் விங்கிலை, அதாவது நடுச் சதுரத்துக்கு ரெண்டு பக்கமும். 2019இலை வந்த சட்டம். முதல் தரம் எச்சரிக்கை, பிறகு ஃப்ரீ கிக். நாங்கள் எச்சரிக்கையை முதலே வாங்கியாச்சு. 8 செக்கன் கிடக்கேக்கை திரும்பவும் பிழை. செயின்ட் கில்டா ரோவன் மார்ஷல் அடிக்க, அவையின்ரை வங்கனீன்-மிலேரா மார்க் பிடிச்சு (உதைச்ச பந்தை நிலத்திலை விழாமல் பிடிக்கிறது) சைரனுக்குப் பிறகு கோல்.

கஜன்: தலை எண்ணத் தெரியாமல் ஒரு மட்ச் போச்சு. பெஞ்சிலை இருந்து ஆள் மாத்தேக்கை போறவன் எந்த லைன், வாறவன் எந்த லைன் எண்டு பாக்காட்டி இப்பிடித்தான்.

ரவி மாமா: அது கடைசிக் காயம். அதுக்கு முதலே ரத்தம் ஓடிப்போச்சு. எதிராளி கோல் அடிக்கிற ஒவ்வொரு தரமும் பந்து நடுவுக்கு வரும், பின்னுக்கு மேலதிகமா ஒராளை நிப்பாட்ட ஏலாது. பவுன்ஸுக்குப் பிறகு ஓடிப் போகலாம், ஆனால் நடுவிலை பந்தை விட்டால் அவன் போய்ச் சேர முதல் பந்து போயிடும். அதாலைதான் ஒரு கோல் நாலு கோலாகிறது.

கஜன்: அப்ப என்ன செய்திருக்கோணும்?

ரவி மாமா: பந்தைக் குடுக்காமல் வைச்சிருக்கோணும். 15 மீற்றர் தாண்டின உதையைப் பிடிச்சால்தான் மார்க், பிடிச்சவன் ஆறுதலா உதைக்கலாம். 20, 25 மீற்றர் குறுக்கு உதை, ஆளில்லாத பக்கம். ஒவ்வொண்டிலையும் சில செக்கன் போகும். கோலுக்குக் குறி பாக்கிறதெண்டால் 30 செக்கன். எங்கடை ரீமுக்குத் தெரிஞ்சது நீட்டி அடிக்கிறது ஒண்டுதான்.

தனுஷன்: அந்த வருத்தம் 2023 ஃபைனல்ஸிலையே இருந்தது மாமா. கோலிங்வுட்டோடை அவையின்ரை 50 மீற்றர் வளைவுக்குள்ளை நாங்கள் 69 தரம் போனம், அவை 37 தரம். ஸ்கோர் எங்களுக்கு 7.11, அவைக்கு 9.6 (முதல் எண் கோல், ஒண்டுக்கு 6 புள்ளி; மற்றது கோலுக்குப் பக்கத்தாலை போன பிஹைண்ட், ஒண்டுக்கு 1 புள்ளி). அடுத்த கிழமை கார்ல்டனோடை 9.17, 11.7. கோலும் பிஹைண்டும் சேர்த்து நாங்கள் 26 தரம் போட்டு 71 புள்ளி, அவை 18 தரம் போட்டு 73.

கஜன்: குறி பிழை. உதைக்கத் தெரியாது, முடிஞ்சுது கதை.

தனுஷன்: எங்கை நிண்டு அடிச்சாங்கள் எண்டதையும் பாருங்கோ அண்ணா. கோல் கம்பங்களுக்கு இடையிலை 6.4 மீற்றர். 45 பாகை சரிவிலை நிண்டால் கண்ணுக்கு 4.5 மீற்றர்தான். பொக்கற்றிலை, அதாவது கோலுக்குப் பக்கத்து மூலையிலை, இன்னும் ஒடுங்கும்.

சுகி அக்கா: பொக்கற்றுக்கு ஏன் போகுது எண்டால், பவுன்ஸிலை எங்கடை மக்ஸ் கோன் அழகாத் தட்டிக் குடுப்பார், எடுத்தவன் தலை நிமித்தாமல் உயரத்தூக்கி அடிப்பான். பந்து மூண்டு நாலு செக்கன் மேலை தொங்கும். அதுக்குள்ளை எதிர் ரீமிலை ஆளில்லாமல் நிக்கிற பின்காவல்காரன் வந்திடுவான். முன்னுக்கு எங்கடை வான் ரூயன் ஒருத்தன், சுத்தி மூண்டு பேர். முட்டியாலை ஒரு குத்து, பந்து பவுண்டரிப் பக்கம். வெளியிலை ஓடுறவனுக்கு ஒரு ஹாண்ட்போல் (கையாலை குத்திக் குடுக்கிறது) குடுத்து, அவன் முன்னுக்கு ஓடி வாறவனைப் பாத்து 30 மீற்றர் தட்டையா உதைச்சால் இந்தக் கூத்து இல்லை.

ரவி மாமா: காலடியிலை விழுற பந்தைப் பொறுக்கவெண்டே பிறந்தவன் கொஸி பிக்கெட். அவனை நடுவுக்கு இழுத்தால் முன்னுக்கு ஆர் பொறுக்கிறது?

கஜன்: நடுவிலை ஒலிவருக்குப் பக்கத்திலை வேகம் வேணும் மாமா. கொஸி இல்லாட்டி பந்து வெளியிலையே வராது.

சுகி அக்கா: பவுன்ஸுக்கு நடுவிலை நிண்டிட்டு, பந்து வெளிக்கிட்டதும் முன்னுக்கு ஓடட்டும். ரெண்டும் சரி.

ரவி மாமா: ஓடிக் களைச்சவனைத்தானே நாலாம் குவாட்டரிலை கண்டம்.

மாமி: சரி, வெஸ்ட் கோஸ்ட் மட்சுக்கு நான் ஆறாறு பேரா எண்ணுறன். நீங்கள் பந்தைப் பாருங்கோ.