கொள்ளுத்தாத்தா வந்த கப்பலின் பயணிகள் பட்டியல் எங்கே கிடைக்கும்?

கொட்டாஞ்சேனைப் பேரன்:
வணக்கம். எங்கள் அப்பாவின் தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு இலங்கையின் பதுளைக்கு வந்தவர். எந்த வருஷம், எந்தக் கப்பல், ஒன்றும் தெரியாது. துறையூருக்குப் பக்கத்தில் ஏதோ கிராமம் என்று அப்பாயி சொல்லும், அதற்கு மேல் கேட்டால் "கேம்பில் அடைத்து வைத்தார்களாம்" என்பதோடு கதை நின்றுவிடும். இரண்டு மாதமாக ராத்திரியில் உட்கார்ந்து இணையத்தில் பழைய கப்பல் பட்டியல்களைத் துழாவினேன். அதே பெயர், அதே தகப்பன் பெயர், திருச்சி ஜில்லா, மதராஸில் ஏறியவர் என்று ஒரு பதிவு மாட்டியது, உயரமும் உடம்பிலுள்ள தழும்பும்கூட எழுதியிருக்கிறார்கள். ஆனால் இறங்கிய இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன்! அங்கே போய்விட்டு இங்கே வந்திருப்பாரோ?

பதுளைக்காரி:
தம்பி, அது வேறு யாரோ. நம் ஆட்களில் ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள், 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஒப்பந்தம் என்பதால் ஆளுக்கு ஆள் எண் போட்டு, ஊர், தகப்பன் பெயர், அங்க அடையாளம் எல்லாம் எழுதினார்கள். இலங்கைக்கு வந்தவர்களுக்கு அந்த ஒப்பந்தம் கிடையாது. கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி, முன்பணம் கொடுத்துக் கூட்டமாகக் கூட்டிவருவார், கடன் அவர் கணக்கில். அதனால் அந்த மாதிரிப் பட்டியலை இங்கே தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேம்ப் என்பது கப்பலேறுமுன் நோய் பரவாமலிருக்க ஆட்களைத் தனியே வைத்த முகாம். அப்பாயியிடம் எந்த கேம்ப் என்று கேளுங்கள். தட்டப்பாறை என்றால் தூத்துக்குடி வழியாக வந்திருப்பார். மண்டபம் என்றால் பாம்பன் பாலம் போட்டு, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிய 1914-க்குப் பிறகு வந்தவர். காலம் பாதி பிடிபட்டுவிடும்.

லயத்துப் பையன்:
அக்கா சொல்வது சரி, கப்பலை விடுங்கள். நான் என் பாட்டனின் ஊரைக் கண்டுபிடித்தது இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தில். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். கல்யாணமானவர் 1946 ஜனவரி 1-க்கு முந்தைய ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் விடாமல் இங்கே இருந்ததைக் காட்டவேண்டும். படிக்கத் தெரியாத மனுஷன் அதற்கு எங்கே போவார்? தோட்டத்து செக்ரோல் (ஆட்களின் வேலை, சம்பளப் பதிவேடு), பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிடைத்ததை எல்லாம் சேர்த்துக் கட்டினார்கள். எங்கள் தோட்டத்தில் செக்ரோலைக் கறையான் தின்றுவிட்டது, பெரியப்பாவின் ட்ரங்குப் பெட்டியில் இருந்த விண்ணப்பப் பிரதிதான் காப்பாற்றியது. முதலில் வீட்டுப் பெட்டிகளைக் கிளறுங்கள், அப்புறம் கொழும்பு 7-இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகலாம். போகும்போது பெயரை நாலு விதமாக எழுதிக்கொண்டு போங்கள். கறுப்பனைக் 'கார்ப்பன்' என்று எழுதிய கிளார்க்குகள் அவர்கள்.

தோட்டத்தின் பெயரிலும் கவனம். காகிதத்தில் வெள்ளைக்காரன் வைத்த பெயர் இருக்கும், நம் ஆட்கள் வாயில் வேறு தமிழ்ப் பெயர் இருக்கும்.

கொட்டாஞ்சேனைப் பேரன்:
அக்கா, அப்பாயியைக் கேட்டேன். மண்டபமேதான்! இன்னொன்று, கேட்டால் சிரிக்காதீர்கள். எங்கள் சாமித் தட்டில் ஓட்டை போட்ட வட்டத் தகரம் ஒன்று கிடக்கிறது, ஏதோ எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கும். மாட்டுக் கழுத்து வில்லை என்று நினைத்திருந்தோம்.

பதுளைக்காரி:
ஐயோ தம்பி, இதையல்லவா முதலில் சொல்லியிருக்கவேண்டும்! அது டின் டிக்கெட். வழியில் காசில்லாமல் தோட்டம்வரை போய்ச்சேர கழுத்தில் கட்டிவிடுவார்கள், செலவெல்லாம் பிறகு தோட்டத்துக் கணக்கில் ஏறும். அதில் குத்தியிருப்பது தோட்டத்து எண். இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள். தயவுசெய்து தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.

கொட்டாஞ்சேனைப் பேரன்:
அம்மா தீபாவளிக்குத் தீபாவளி புளி போட்டுத் தேய்க்கிறார். எண் இன்னும் தெரிகிறது, எழுத்துதான் பி-யா ஆர்-ஆ என்று வீட்டில் சண்டை. காலையில் வெயிலில் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன்.