ஆர்ட் தெரபிஸ்ட் பதிவு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். சென்னையில் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் ஆர்ட் தெரபிஸ்டாக, அதாவது ஓவியம், கலை வழியாக மனநலச் சிகிச்சை தருபவராக இருக்கிறேன். வேலை உத்தரவில் என் பதவி ‘கைவினை ஆசிரியர்’! நான் எழுதும் குறிப்புகள் கேஸ் ஷீட்டில் ஏறுவதில்லை. நோயாளிகள் வரைந்த படங்கள் மட்டும் வரவேற்பறைச் சுவரில் ஏறிவிடும், அவர்களைக் கேட்காமலேயே. (அது தனிப் பஞ்சாயத்து.)

ஆர்.சி.ஐ.யில் (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்குப் பதிவு உண்டு, எங்களுக்கென்று பிரிவு கிடையாது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில், மூவ்மென்ட் தெரபிஸ்ட் என்ற தலைப்புக்குள் நடனத்தோடு சேர்த்து எங்களையும் போட்டிருக்கிறார்கள். பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில்களுக்கான பதிவு அமைப்பில் பதியாமல் ‘ஆர்ட் தெரபிஸ்ட்’ என்று சொல்லி ஆளை ஏமாற்றினால் குற்றம். இங்கே வார இறுதி வகுப்பு முடித்தவரும் போர்டு மாட்டுகிறார்.

இந்தச் சட்டத்தின் கீழ் பதிவுக்கு யாராவது விண்ணப்பித்திருக்கிறீர்களா? தனியார் நிறுவன டிப்ளமாவை ஏற்கிறார்களா? மேற்பார்வையில் வேலை பார்த்த நேரத்துக்குச் சைக்கியாட்ரிஸ்ட் கையெழுத்து போதுமா? பதவிப் பெயரை மாற்றி வாங்கியவர்கள், எச்.ஆரிடம் எந்தக் காகிதத்தைக் காட்டினீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.

‘பேசாம எம்.எஸ்சி. சைக்காலஜி படிச்சிடு’ என்ற யோசனை மட்டும் வேண்டாம், வீட்டிலேயே தினமும் கிடைக்கிறது.