ஷார்க் கெளுத்தியின் மூக்கில் ஆறாத புண்ணும் கட்டியும்

கேள்வி (மார்த்தாண்டம்):
வணக்கம். கடைகளில் ஷார்க் என்று விற்கப்படும் கெளுத்தி ஒன்றை நான்கு வருடமாக வளர்த்து வருகிறேன். மீன் இப்போது ஒன்றரை அடி நீளம் இருக்கிறது. தொட்டி நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்டது. ஒரு மாதத்துக்கு முன் மூக்கு நுனியில் தோல் உரிந்து சிவந்தது. அது ஆறுவதற்குள் மறுபடியும் உரிந்து, இப்போது அங்கே கொண்டைக்கடலை அளவில் வெளிறிய கட்டி ஒன்று நிற்கிறது. கடைக்காரர் பூஞ்சை என்று சொல்லி மெத்திலீன் புளூ கொடுத்தார். அதை ஊற்றிய மூன்றாம் நாள் மீன் மேலேயே நின்று மூச்சு வாங்கியதே தவிர, கட்டி குறையவில்லை. இது புற்றுநோயா? வெட்டி எடுக்கலாமா?

பதில் (நாகர்கோவில்):
கட்டியை விடுங்கள், முதலில் தொட்டியைப் பாருங்கள். மீனின் நீளமும் தொட்டியின் அகலமும் ஒன்றாக இருக்கின்றன. அது உடம்பை வளைக்காமல் திரும்பவே முடியாது. மீகாங் ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து கூட்டமாகத் திரியும் இந்த மீன், மிரண்டால் கண்ணை மூடிக்கொண்டு பாய்வதுபோல நேரே பாயும். செதில் இல்லாததால் ஒவ்வொரு மோதலிலும் தோல்தான் கிழியும். ஒரே இடம் திரும்பத் திரும்பக் கிழிந்தால் அங்கே சதை தடித்துக் கட்டிபோல நிற்கும்.

பூஞ்சையாக இருந்தால் பஞ்சு இழைகள் நீரோட்டத்தில் அசைவதைப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் காணலாம். பஞ்சுபோலவே தோன்றும் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயும் உண்டு. ஆனால் அது நம் ஊர் வெப்பத்தில் சில நாட்களிலேயே பரவிவிடும், ஒரு மாதம் ஒரே இடத்தில் காத்துக்கொண்டிருக்காது. மெத்திலீன் புளூ, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் ஃபில்டரிலுள்ள நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும் என்பதால், அம்மோனியா ஏறியிருக்கக்கூடும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் கரி போட்டு, அம்மோனியா சோதித்துப் பாருங்கள்.

பதில் (தக்கலை):
என் ரெட்டெயில் கெளுத்திக்கு உதட்டில் இதேபோல வந்தது. கட்டி என்றதும் பலர் லிம்போசிஸ்டிஸ் வைரஸ் என்பார்கள். அது கெளுத்தி இனங்களைத் தாக்கும் நோயாகக் கருதப்படுவதில்லை. வெட்டாதீர்கள், தம்பி. வெட்டினால் புதிய புண்ணும் அதில் தொற்றும்தான் மிஞ்சும். உங்கள் தொட்டியில் ஏறத்தாழ 220 லிட்டர் தண்ணீர் நிற்கும். லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் 220 கிராம் கல் உப்பைக் கரைத்து, இரண்டு நாட்களில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மாலகைட் கிரீன், தாமிரம் கலந்த மருந்துகளைச் செதிலற்ற மீனுக்கு முழு அளவில் கொடுக்கவே கூடாது.

இன்னொன்று, வலையால் பிடிக்காதீர்கள். பக்கத் துடுப்பின் முள் விரிந்து பூட்டிக்கொண்டால் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்; என் மீனுக்கு இரண்டாவது காயம் அப்படித்தான் வந்தது.

கேட்டவர் (மார்த்தாண்டம்):
நன்றி, அண்ணாச்சி. நேற்றிரவு மின்சாரம் போய்த் திரும்பியபோது தொட்டி விளக்கு சட்டென்று எரிந்தது. 'டங்' என்ற சத்தம் பக்கத்து அறைவரை கேட்டது. போய்ப் பார்த்தால் கண்ணாடியில் சளியோடு தோல் துணுக்கு ஒட்டியிருந்தது. ஒரு மாதமாக இரவுதோறும் இதுதான் நடந்திருக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது. விளக்கைக் கழற்றிவிட்டு, மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டேன். இனி இதை வீட்டருகே உள்ள குளத்தில் விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில் (குலசேகரம்):
குளத்தில் விட வேண்டாம். மழைக்காலத்தில் நம் குளங்கள் மறுகால் பாய்ந்தால் அந்த மீன் எந்தக் கால்வாய்க்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. புண்ணோடு இருக்கும் மீன் என்றால் நோயும் கூடவே போகும். கொல்லையில் இடமிருந்தால் பத்தடி சிமெண்ட் தொட்டி கட்டுங்கள். புதுச் சிமெண்டின் காரம் போகும்வரை தண்ணீர் நிரப்பி, மாற்றி, பிறகுதான் மீனை விட வேண்டும். உள்சுவரை நன்றாக வழவழப்பாகப் பூசச் சொல்லுங்கள், சொரசொரப்பாக விட்டால் மூக்கு மறுபடியும் உரியும்.

மோதல் நின்ற பிறகும் ஆறு வாரத்தில் கட்டி சுருங்காமல் பெரிதானாலோ, உடம்பில் வேறு இடத்தில் புதிதாகக் கிளம்பினாலோ, அப்போது அது அடிபட்ட சதை அல்ல. வாரம் ஒரு முறை ஒரே கோணத்தில் படம் எடுத்து வைத்து, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் காட்டிக் கேளுங்கள். ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் புற்றா இல்லையா என்று சொல்ல முடியும்.