மஞ்சள் தலை தோற்ற கதை: நீங்களும் பார்த்ததுண்டா?

பால்மரத்தான்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் வாய்க்கால், அதன்மேல் சாய்ந்த தென்னை. தூக்கணாங்குருவியைப் பற்றிச் சொல்லித் தரவேண்டியதில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஓர் ஆணுக்கு அரைத்த மஞ்சளை அப்பிய மாதிரி தலை. கூடு பாதிதான், தொப்பி போல. பெண் வந்து சம்மதித்தால்தான் மீதிக் குழலைப் பின்னும். பெண் வந்தது, நாரை இழுத்துப் பார்த்தது, போய்விட்டது. மூன்று நாளும் இதே கதை. மேல்மட்டையில் இருந்த மங்கல் தலைக்காரனுக்கு ஜோடி அமைந்துவிட்டது. நான்காம் நாள் மஞ்சள் தலை தன் கூட்டைத் தானே நார் நாராகப் பிய்த்துப் போட்டது. ஒரு நார் என் சிலிப்பர்மேல் விழுந்தது. அப்புறம் எதற்கு அவ்வளவு மஞ்சள்?

ஒட்டுக்கடை:
தம்பி, அது மாப்பிள்ளையைப் பார்க்க வரவில்லை, வீட்டைப் பார்க்க வந்தது. இந்தியாவில் ஆராய்ந்தவர்கள் கண்டது, நெசவைவிடக் கூடு தொங்கும் இடம்தான் பெண்ணுக்கு முக்கியம் என்று. என் அப்பா முராய் என்ற பாடும் குருவி வளர்த்தார். கறுகறுவென்று மினுங்கும், கூண்டில் ஒரு முட்டை கண்டதில்லை. அவ்வளவுதான் என் கதை. நீ இனி விடியற்காலையிலேயே போ. மரத்தடியில் நிற்காதே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உட்கார். மட்டைக்கு மட்டை எண் போட்டு நோட்டில் எழுது. எந்தக் கூட்டில் பெண் எத்தனை தரம் நுழைந்தது என்று குறித்துக்கொள். சிவப்புச் சட்டை வேண்டாம். கைப்பேசியை அணைத்துவிடு.

கம்பிக்குருவி:
அண்ணே, இறகு சும்மா என்று அடித்துப் பேசாதீர்கள். பட்டணத்து மின்கம்பியில் செப்டம்பர் வாக்கில் வரிசைகட்டுகிறதே தகைவிலான், 1988இல் டென்மார்க்கில் மோலர் என்பவர் அதன் ஆண்களுக்கு வாலிறகை ஒட்டி நீட்டினார். அவற்றுக்குச் சீக்கிரம் ஜோடி கிடைத்தது. 2005இல் வந்த அமெரிக்க ஆய்வில் மார்பின் செம்பழுப்பை இன்னும் அடர் நிறமாக்கினார்கள். அந்த ஆண்களின் கூட்டில் அவற்றுக்கே பிறந்த குஞ்சுகள் கூடின. அந்த வாலை அவை புதுப்பித்துக்கொள்வது வடக்கே இல்லை, நம் மாதிரி ஊர்களில் குளிர்காலம் கழிக்கும்போதுதான். போன ஜனவரியில் என் மோட்டார் சீட்டில் ஒரு வாலிறகு எச்சத்தோடு ஒட்டிக் கிடந்தது, ஊசி மாதிரி நுனி, நடுவில் வெள்ளைப் பொட்டு. சீட்டைத் துடைத்தேன், இறகை வைத்துக்கொண்டேன்.

பால்மரத்தான்:
அண்ணே, நோட்டு யார் கேட்டது? சரி, இன்று காலை போனேன். அதே மஞ்சள் தலை. இந்த முறை மேல்மட்டையில், மங்கல்காரனுக்குப் பக்கத்தில். மூன்று முடிச்சு போட்டிருக்கிறது.