முன் பிரேக்கில் ஏர் போகவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

பெங்களூரு நண்பர்களே, வணக்கம். அல்சூரில் இருக்கிறேன். என் 150 சிசி பைக்கில் முன் டிஸ்க் பிரேக்கின் ஹோஸை (பிரேக் ஆயில் போகும் குழாய்) மாற்றினேன். அதிலிருந்து லீவர் கெட்டியாகவே இல்லை. அழுத்தினால் கைப்பிடி வரை மெத்தென்று போகிறது. இரண்டு மூன்று தடவை பம்ப் செய்தால் கொஞ்சம் இறுகும், விட்டால் பழையபடிதான்.

ஜே.சி. ரோட்டில் புது டாட் 4 பிரேக் ஆயில் வாங்கினேன். ஏரை வெளியேற்ற, லீவரை அழுத்திப் பிடித்து, காலிப்பரில் (டிஸ்க்கைப் பிடிக்கும் பகுதி) உள்ள நிப்பிளைத் (ஏரும் ஆயிலும் வெளியே வரும் சின்னத் திருகு) திறந்து, மூடிய பிறகே லீவரை விடுகிறேன். டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கவும் விடவில்லை. முதலில் குமிழி வந்தது, இப்போது சுத்தமாக ஆயில் மட்டும்தான் வருகிறது. எங்கும் கசிவு இல்லை. ஏபிஎஸ் இல்லாத வண்டி.

ஏர் மேலேதான் ஏறும் என்பதால், மாஸ்டர் சிலிண்டர் (லீவர் பக்கத்தில் ஆயிலை அழுத்தும் பகுதி) பக்கத்து பான்ஜோ போல்ட்டில் (ஹோஸை இணைக்கும் போல்ட்) சிக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த போல்ட்டை லேசாகத் தளர்த்தி அங்கேயே ஏரை எடுக்கலாமா? இல்லை, சிரிஞ்சால் கீழிருந்து மேலே ஆயிலைத் தள்ளுவதுதான் நல்லதா? ஆயில் பட்டால் பெயிண்ட் போய்விடும், அதனால் டேங்கைத் துணியால் மூடிவிட்டேன்.

ராத்திரி முழுக்க லீவரை இழுத்துக் கட்டி வைத்தால் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தம்பி தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு இதில்தான் போவான். லீவர் கெட்டியாகும் வரை வண்டியை எடுக்க விடமாட்டேன். மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருந்தாலும் இப்படி ஆகுமா, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?